உடம்புக்கு ஒரு பட்டம், மனசுக்கு ஒரு பட்டம்

எச்.எஸ்.சி. முடிவுகள் வெளியாகும் நாட்களில் மாட்டுங்காவில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி வாங்கும் இடத்திலும், ஆஸ்திக சமாஜம் கோயில் வாசலிலும், மாலையில் ஃபைவ் கார்டன்ஸில் நடக்கும்போதும், "உங்க பெண் என்ன எடுக்கப் போறா?" என்ற கேள்வி தப்பாமல் வந்து விழும். என்ஜினீயரிங், மெடிக்கல், சி.ஏ. என்று மூன்றே பதில்கள் இருந்த காலம் மலையேறி விட்டது. இப்போது சில பிள்ளைகள் புதிதாக ஒன்று சொல்கிறார்கள்: "மனித இயக்கவியலும் மனோதத்துவமும் சேர்த்து இரட்டைப் பட்டம் படிக்கப் போகிறேன்."

பெற்றோருக்குத் தலை சுற்றுகிறது. "அது என்ன படிப்பு? பி.டி. மாஸ்டர் வேலைக்கா, மனநோய் டாக்டர் வேலைக்கா? படித்து முடித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" இவை நியாயமான கேள்விகள். ஐந்து ஆண்டு உழைப்பும், வெளிநாடு என்றால் வாழ்நாள் சேமிப்பும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் இந்தப் படிப்பு எதைப் பற்றியது, எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்காது, எதில் ஏமாந்துவிடக் கூடாது என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்கமாகச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

மனித இயக்கவியல் என்பது உடம்பு எப்படி அசைகிறது என்ற படிப்பு. தசை, எலும்பு, மூட்டு, நரம்பு, மூச்சு, இதயம் எல்லாம் அதில் வரும். குழந்தை நடை பழகுவது, கிரிக்கெட் வீரர் பந்து வீசுவது, வயதானவர் நாற்காலியிலிருந்து எழுவது எல்லாமே பாடந்தான். கினிசியாலஜி என்றும் இதைச் சொல்வார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக் கழகம் 1967-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனித் துறை தொடங்கியது. மனோதத்துவம் நமக்கு ஓரளவு தெரிந்த பெயர். நினைவு, பயம், பழக்கம், கற்றல், ஊக்கம் ஆகியவற்றை முறைப்படி ஆராயும் படிப்பு அது. இந்தியாவில் 1916-இல் கல்கத்தாவிலும், 1943-இல் சென்னைப் பல்கலைக் கழகத்திலும் இதற்குத் துறைகள் வந்து விட்டன. மும்பைப் பல்கலைக் கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறை 1959-இல் தொடங்கியது.

இரண்டும் தனித்தனியே இருந்துவிட்டுப் போகட்டுமே, ஏன் சேர்க்க வேண்டும்? இதற்குப் பதில் நம் பில்டிங் மாடிப்படியிலேயே இருக்கிறது.

மாடிப்படி சொல்லும் பாடம்

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது. "இனி தாராளமாக நடக்கலாம்" என்று டாக்டர் சொல்லி விட்டார். ஆனால் பாட்டி கீழே இறங்க மாட்டேன் என்கிறார். "வேண்டாம்மா, எனக்குக் காலே நிக்கலை. நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன்" என்கிறார். கோயில் போயிற்று, கடைவீதி போயிற்று, பேச்சுத் துணையும் போயிற்று. ஆறு மாதத்தில் கால் தசை இளைத்து, உண்மையிலேயே நிற்க முடியாமல் போய்விடுகிறது.

இதைப் பிடிவாதம் என்றோ சோம்பல் என்றோ வீட்டார் நினைக்கிறார்கள். மருத்துவ உலகம் இதற்கு 1990-இல் ஒரு பெயர் வைத்தது: கினிசியோஃபோபியா, அதாவது அசைவதற்கே அஞ்சுவது. 2000-ஆம் ஆண்டில் யோஹான் விளையன், ஸ்டீவன் லிண்டன் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் நாட்பட்ட வலியைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து இந்தச் சுழலை விளக்கினார்கள். வலி வருகிறது. "அசைந்தால் இன்னும் கெட்டுப்போகும்" என்ற எண்ணம் வருகிறது. அதனால் அசைவதைத் தவிர்க்கிறோம். தவிர்க்கத் தவிர்க்க உடம்பு பலவீனமாகிறது, மனம் சோர்கிறது, வலி கூடுகிறது. கூடிய வலி பயத்துக்கு மேலும் தீனி போடுகிறது.

இந்தச் சுழலை எங்கே உடைப்பது? கால் தசைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பாட்டி பயத்தால் செய்ய மாட்டார். உட்காரவைத்து ஆறுதல் மட்டும் சொன்னால் கால் பலம் பெறாது. இன்று ஒரு படி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அடுத்த வாரம் மூன்று படி. அதற்கடுத்து முதல் திருப்பம் வரை என்று திட்டம் போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் "விழவில்லை பார்த்தீர்களா" என்பதைப் பாட்டியே தம் உடம்பால் உணர வேண்டும். இதில் எத்தனை படி என்பது இயக்கவியல், எப்போது அடுத்த படி என்பது மனோதத்துவம். இரண்டும் தெரிந்தவர் கையில்தான் பாட்டி மறுபடி கோயிலுக்குப் போவார்.

இன்னொரு சுவையான ஆராய்ச்சியும் உண்டு. ஸ்வீடன் நாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் 58 பேரைக் கவனித்தார்கள். நடந்து போகும்போது பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. நடப்பது கால் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். வயதாக ஆக, நடையும் கவனத்தைக் கேட்கத் தொடங்குகிறது. பேச்சும் கவனத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் கொடுக்கக் கையிருப்பு போதவில்லை. தாத்தாவோடு கடைவீதிக்குப் போகும்போது, பேச வாயெடுத்தால் அவர் நின்றுவிடுகிறாரா என்று பாருங்கள். நின்றால் கேலி செய்யாதீர்கள். டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். சாலையைக் கடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

ஒரு தமிழரும் ஒரு கண்ணாடியும்

உடம்பையும் மனத்தையும் ஒன்றாகப் பார்த்ததால் உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம்மவர். விளையனூர் எஸ். ராமச்சந்திரன் 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக் கழகத்தின் ஸான் டியாகோ வளாகத்தில் மனோதத்துவத் துறையில் பேராசிரியரானார். மருத்துவம் படித்தவர் மனோதத்துவத் துறையில் அமர்ந்தது நம் விஷயத்துக்குப் பொருத்தமான செய்தி.

கையை இழந்தவர்கள் பலருக்கு, இல்லாத அந்தக் கை இன்னும் இருப்பது போலவே தோன்றும். சிலருக்கு அந்தக் கை விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டிருப்பது போலிருக்கும். நகம் உள்ளங்கையில் பதிவது போல் வலிக்கும். இல்லாத கையை எப்படிப் பிரிப்பது? ராமச்சந்திரன் நிமிர்த்தி வைத்த ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், அதன் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். இருக்கிற கையை விரித்தால் இழந்த கை விரிவது போல் கண்ணுக்குத் தெரியும். கண் சொல்வதை மூளை ஏற்றுக்கொள்ள, சிலருக்கு இறுக்கம் தளர்ந்து வலி குறைந்தது. 1996-இல் டயான் ரோஜர்ஸ் ராமச்சந்திரனுடன் சேர்ந்து இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்.

இந்தக் கண்ணாடி முறை பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. 1999-இல் ஒன்பது நோயாளிகளை வைத்துச் செய்த முதல் முயற்சி லான்செட்டில் வெளியானது. அதன் பிறகு பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. அவற்றையெல்லாம் திரட்டி 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வு, பக்கவாதத்துக்குப் பின் கை கால் இயக்கம் மேம்பட இது உதவுகிறது என்று ஓரளவு உறுதியுடன் சொன்னது. எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்லவில்லை. நாமும் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. இருந்தாலும், கடைக் கண்ணாடி ஒன்று சிகிச்சைக் கருவியானதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. தசையை மட்டும் படித்தவருக்கோ மனத்தை மட்டும் படித்தவருக்கோ தோன்றியிருக்கக் கூடிய யோசனை அன்று அது.

வேலூரில் கற்ற பாடம்

இதற்கும் முந்திய கதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உண்டு. நாற்பதுகளின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை தொடங்கினார். வேலை செய்யாத தசைக்குப் பதிலாக, நல்ல நிலையில் இருக்கும் வேறு தசையின் நாணை எடுத்துப் பொருத்துவது அவர் முறை. ஆபரேஷன் முடிந்ததும் கை தானாக இயங்கிவிடாது. ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இப்போது வேறு வேலை செய்ய வேண்டும். எந்த நினைப்புக்கு எந்த அசைவு என்பதை நோயாளி புதிதாகக் கற்க வேண்டும்.

கை சரியானவர்கள் சிலர் திரும்பி வந்து, முன்பு மடங்கிய கையைக் காட்டினால் பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் கிடைப்பதில்லை, வேலையும் யாரும் தருவதில்லை என்றார்களாம். கையைத் திருத்தினால் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும், மனிதனுக்கு ஒரு மதிப்பும் வேண்டும் என்பது அப்போது புரிந்தது. நவஜீவ நிலையம் என்ற இடத்தில் தச்சு வேலை, பொம்மை செய்தல் போன்ற தொழில்களைக் கற்றுக் கொடுத்தார்கள். நம் பக்கத்து வடாலாவில் 1890 முதல் இருந்து வரும் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இந்தப் பாடத்தின் கனம் தெரியும்.

அதே வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பின்னர் நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கான துறையை நடத்தினார். 1966-இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நடக்க முடியாதவரிடம் "உன்னால் முடியும்" என்று சொல்லும் தகுதி அவரைவிட யாருக்கு இருந்திருக்கும்?

இரண்டு ஸ்டேஷன் தூரத்தில்

இதெல்லாம் வெளியூர்க் கதை என்று நினைக்க வேண்டாம். மாட்டுங்காவில் ரயிலேறினால் தாதர், அடுத்தது பரேல். அங்கே கே.இ.எம். மருத்துவமனையில் 1950-இல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிஸபெத் லண்டி என்ற பெயரில் பிறந்து, நிம்ப்கர் குடும்பத்தில் மருமகளாக வந்து, இந்தியப் பெண்ணாகவே வாழ்ந்தவர். 1952-இல் இந்தத் தொழிலுக்கு அகில இந்தியச் சங்கம் அமைந்ததும் அவர் முயற்சியால்தான். அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் ஸ்தாபக நாடுகளில் ஒன்றாக இந்தியா இருந்தது. போலியோ குழந்தைகளை வாட்டிய அந்த ஐம்பதுகளின் தொடக்கத்தில் அதே கே.இ.எம்.மில் பிஸியோதெரபி பள்ளியும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு வந்தது. 1955-இல் ஹாஜி அலி பக்கத்தில் அகில இந்திய உடலியல் மருத்துவ, புனர்வாழ்வு நிலையம் தொடங்கியது.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் பலரும் வேலை வாய்ப்பு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது, சமைப்பது, தொழில் செய்வது என்று மனிதன் ஈடுபடும் அன்றாடக் காரியங்களையே சிகிச்சையாகவும் இலக்காகவும் கொள்ளும் முறை அது. கை முறிந்தவருக்கும் அது உண்டு, மனச்சிதைவு நோயாளிக்கும் உண்டு, கவனம் சிதறும் குழந்தைக்கும் உண்டு. அதன் மாணவர்கள் உடற்கூறும் படிக்கிறார்கள், மனோதத்துவமும் மனநோயியலும் படிக்கிறார்கள். ஒரே பட்டம் என்று பெயர். ஆனால் நம் பிள்ளைகள் வெளிநாட்டில் தேடும் அந்த இரட்டைப் படிப்புக்கு இந்தியாவில் மிக நெருங்கி வருவது இதுதான். பரேல் கே.இ.எம்., சயான் மருத்துவமனை, மும்பை சென்ட்ரல் நாயர் ஆகிய மூன்று மாநகராட்சி மருத்துவக் கல்லூரிகளிலும் பிஸியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் பட்டப் படிப்புகளாக உள்ளன.

நம் கலைக்கும் இதில் பங்குண்டு. திருவிடைமருதூர் நட்டுவனார் குடும்பத்தார் 1945-இல் மாட்டுங்காவில் தொடங்கிய ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் மும்பையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களை ஆட வைத்தது. அங்கே அடவு என்பது அங்க சுத்தம், அபிநயம் என்பது உள்ளத்தின் பாவம். அரைமண்டியில் நின்று மனம் வேறெங்கோ போனால் தாளம் தப்பும். நாட்டியம் கற்ற ஒரு பெண்ணுக்கு உடம்பும் மனமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு இரட்டைப் பட்டம்

ஆஸ்திரேலியப் பல்கலைக் கழகங்களில் இரட்டைப் பட்ட முறை வெகுவாகப் பரவியிருக்கிறது. தனித்தனியே படித்தால் மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டு ஆகும். இரண்டுக்கும் பொதுவான பாடங்களையும், விருப்பப் பாடங்களின் இடத்தையும் பங்கிட்டுக்கொண்டு நான்கு அல்லது ஐந்து ஆண்டில் இரண்டு பட்டங்களையும் கொடுக்கிறார்கள். உடற்பயிற்சி விஞ்ஞானம் அல்லது மனித இயக்கவியல் ஒரு பக்கம், மனோதத்துவம் மறு பக்கம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மனித இயக்கவியல் பட்டம் பிஸியோதெரபி பட்டம் ஆகாது. அது வேறு, இது வேறு. அதை முடித்தவர் பிஸியோதெரபிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் உடற்பயிற்சி சிகிச்சை நிபுணராக அங்கீகாரம் பெறவே தொழிற்சங்கத்தின் விதிப்படி நான்கு ஆண்டுத் தகுதிப் படிப்பும் நேரடிப் பயிற்சியும் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2013 முதல் கினிசியாலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே பதிவு செய்தாக வேண்டும்.

இரண்டாவது, மனோதத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர் மனோதத்துவ நிபுணர் ஆகிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற நிபுணராக மனோதத்துவப் படிப்பும் பயிற்சியும் மட்டுமே குறைந்தது ஆறு ஆண்டு. இரட்டைப் பட்டத்தில் உள்ள மனோதத்துவப் பகுதி அங்கீகாரம் பெற்ற பாட வரிசையா என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கீகாரம் இல்லாத பாடமானால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.

மூன்றாவது, அங்கே பெற்ற பட்டத்தோடு இங்கே திரும்பினால் எந்தப் பதிவு கிடைக்கும் என்பது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணி செய்ய 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பிஸியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி முதலிய தொழில்கள் 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இரண்டு பட்டங்களும் கையில் இருந்து, இரண்டு கதவும் திறக்காமல் நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

இங்கேயே இரண்டும் படிக்க முடியுமா?

2022 ஏப்ரலில் யு.ஜி.சி. ஒரு நல்ல செய்தி சொன்னது. ஒரு மாணவர் ஒரே சமயத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கலாம் என்று அனுமதித்தது. இரண்டையும் நேரடியாகக் கல்லூரி சென்று படிக்கலாம், வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. அல்லது ஒன்றை நேரடியாகவும் மற்றதைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். உடனே பல வீடுகளில் கணக்குப் போட்டார்கள்: பகலில் பிஸியோதெரபி, தபால் வழியில் பி.ஏ. மனோதத்துவம்!

இந்தக் கணக்கு இப்போது செல்லாது. 2025 ஆகஸ்டில் யு.ஜி.சி. வேறொரு உத்தரவு போட்டது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சுகாதாரப் படிப்புகளைத் தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் புதிய சேர்க்கை கூடாது என்றது. மனோதத்துவம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே மனோதத்துவத்தை ஆன்லைனில் தருகிறோம், பட்டம் செல்லும் என்று யாராவது விளம்பரம் செய்தால், காசைக் கொடுக்குமுன் யு.ஜி.சி. உத்தரவைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

இரண்டையும் நேரடியாகப் படிக்கலாமே என்றால், பிஸியோதெரபி மாணவருக்குக் காலை முதல் மாலை வரை வகுப்பும் வார்டும் இருக்கும். மோதாத நேரம் எங்கே கிடைக்கும்? காகிதத்தில் உள்ள அனுமதி கைக்கு எட்டாது.

அப்படியானால் நடைமுறையில் மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, ஆக்குபேஷனல் தெரபி. இரண்டும் ஒரே கூரையின் கீழ். இரண்டு, முதலில் பிஸியோதெரபி முடித்து, பிறகு நரம்பியல், விளையாட்டு, முதியோர் நலம் என்று ஒரு பிரிவில் மேற்படிப்பு. மனோதத்துவத்தை நேரடி வகுப்பில் தனியே தொடர்வது. சில பல்கலைக் கழகங்கள் எம்.ஏ. மனோதத்துவத்துக்கு வேறு பட்டதாரிகளையும் எடுக்கின்றன, சில, பி.ஏ.விலேயே மனோதத்துவம் கேட்கின்றன. விசாரித்துக்கொள்வது நல்லது. மூன்று, மனோதத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுத்து, விளையாட்டு, நாட்டியம், யோகம் என்று இயக்கத் துறையில் முறையான பயிற்சியைக் கூடவே வளர்ப்பது. இந்த மூன்றாம் வழியில் போகிறவர் நோயாளியின் மூட்டைத் தொட்டுச் சிகிச்சை செய்ய உரிமை பெறமாட்டார் என்பதை மறக்கக் கூடாது.

மஹாராஷ்டிரத்தில் பிஸியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டுக்கும் சேர்க்கை நீட் மதிப்பெண்ணைக் கொண்டுதான். பிஸியோதெரபி இங்கே நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியுமாக இருந்தது. 2025-இல் வெளியான தேசியப் பாடத்திட்டம் அதை ஐந்தாண்டாக வகுத்திருக்கிறது. சேரும் ஆண்டின் விவரக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பதினோராம் வகுப்பில் "எனக்கு டாக்டர் வேண்டாம்" என்று பயாலஜியை விட்டுவிடும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதோடு இந்தக் கதவும் சாத்திக்கொள்கிறது.

படித்தால் என்ன வேலை?

விளையாட்டு உலகத்தைப் பாருங்கள். 2011 ஏப்ரல் 2-ஆம் தேதி நம் வான்கடே மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் மனப்பயிற்சியாளராக இருந்தவர் பாடி அப்டன். தொண்ணூறுகளில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணிக்கு உடற்பயிற்சியாளராக இருந்தவர் அவர். உடம்பில் தொடங்கி மனத்துக்கு வந்தவர். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் சென்னைப் பிள்ளை குகேஷ் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனபோதும் அவருக்கு மனப்பயிற்சி கொடுத்தவர் இதே அப்டன்தான்.

எல்லோரும் உலகக் கோப்பை அணிக்குப் போக முடியாது, வாஸ்தவம். ஆனால் பக்கவாத வார்டு, முதியோர் இல்லம், வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் பள்ளி, பார்க்கின்சன் நோயாளிகளின் உதவிக் குழு, விபத்துக்குப் பிந்தைய புனர்வாழ்வு என்று தேவை பெருகும் இடங்கள் பல. 2001-இல் மும்பையில் டாக்டர் பி.எஸ். சிங்கால் தொடங்கிய பார்க்கின்சன் நோய், இயக்கக் கோளாறு சங்கத்தின் குழுக்களில் உடற்பயிற்சியோடு மனநலப் பேச்சும் சேர்ந்தே நடக்கிறது. தொடக்கத்தில் சம்பளம் சாஃப்ட்வேர் கம்பெனி அளவுக்கு இராது. அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லி விடுவது நல்லது. அனுபவம் கூடக் கூட, சொந்தமாகத் தொழில் செய்யும் வாய்ப்பும் மதிப்பும் வளரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது தமிழ்க் குடும்பங்களுக்கே உரியது. தாராவியில் தையல் மெஷின் முன் முதுகு ஒடிய உட்காரும் திருநெல்வேலிக்காரருக்கும், செம்பூரில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் தஞ்சாவூர்ப் பாட்டிக்கும் வலியைச் சொல்ல வார்த்தை தமிழில்தான் வருகிறது. "இழுக்குது", "குடையுது", "மரத்துப்போச்சு", "சுண்டி இழுக்குது" என்பவை நான்கு வேறு வேறு செய்திகள். ஹிந்தியில் எல்லாவற்றுக்கும் "தர்த்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பயத்தைச் சொல்வது அதைவிடக் கடினம். "பயமா இருக்கு தம்பி" என்று ஒரு பெரியவர் சொல்ல, "நான் பிடிச்சுக்கறேன் தாத்தா, ஒரு அடி வைங்க" என்று பதில் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும். நடையும் நம்பிக்கையும் ஒன்றாகத் திரும்புவது அப்போதுதான். மும்பையில் பிறந்து, மராத்தியும் ஹிந்தியும் ஆங்கிலமும் கற்று, வீட்டில் தமிழும் பேசும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் இயல்பாகவே ஒரு தகுதி இருக்கிறது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "இது என்ன படிப்பு?" என்று தள்ளிவிடாமல் பிள்ளையோடு உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். படிப்பின் முடிவில் எந்தப் பதிவு கிடைக்கும்? அது எந்த நாட்டில் செல்லும்? மொத்தம் எத்தனை ஆண்டு, மேற்படிப்பும் சேர்த்து எவ்வளவு செலவு? நோயாளிகளின் பக்கத்தில் தினமும் பொறுமையாக நிற்கும் சுபாவம் பிள்ளைக்கு இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. விடுமுறையில் சில நாட்கள், அனுமதி பெற்று, ஏதாவதொரு புனர்வாழ்வு நிலையத்திலோ முதியோர் இல்லத்திலோ தொண்டு செய்யச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாணவ மாணவியருக்கும் ஒரு வார்த்தை. பட்டங்களின் எண்ணிக்கையை நோயாளி கேட்கப் போவதில்லை. விழுந்த பயத்தில் மூன்றாம் மாடியில் முடங்கியிருக்கும் ஒருவரைக் கைபிடித்துக் கீழே அழைத்து வர உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அவர் வீட்டார் கேட்கும் கேள்வி. அதற்கு "தெரியும்" என்று சொல்லும் தகுதியைத் தருகிற படிப்பு, ஒரு பட்டமானாலும் சரி, இரண்டானாலும் சரி, நல்ல படிப்பே. நம் மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அப்படிப் பலர் கிளம்ப வேண்டும் என்பது நம் எல்லோருடைய ஆசை.